வாட்டம் சரியாக இருக்கிறதா? மழைநீர் வடிகால் பற்றி வாசகர் கேள்விகளும் பொறியாளர் பதில்களும்

கொசஸ்தலையாறு வடிநிலத்தில், அதாவது திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் பக்கம், மழைநீர் வடிகால் பணி தெருத் தெருவாக நடக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடன் ஒதுக்கிய திட்டம் இது. புதிதாக 588 கிலோமீட்டர் வடிகால், நிலத்தடிக்கு நீர் இறக்க 23,000 தொட்டிகள் என்று அப்போது அறிவித்தார்கள். இந்தப் பணி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டுமானப் பொறியாளர்களும் நீரியல் பொறியாளர்களும் இங்கே பதில் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவில் வடிகால் கட்டி, மூடியும் போட்டுவிட்டார்கள். மழையே இல்லாத நாளிலும் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்கிறார் மேஸ்திரி. சரியாகுமா?
— வாசகி, கொரட்டூர்

தானாகச் சரியாகாது. தண்ணீர் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது மண் தடுப்பு. கான்கிரீட் போடும்போது பழைய கால்வாய்த் தண்ணீர் குழிக்குள் வராமல் இருக்க, இணைப்பு இடத்தில் மண் மூட்டை அடுக்கியோ செங்கல் வைத்துப் பூசியோ அடைப்பார்கள். வேலை முடிந்து ஆட்கள் அடுத்த தெருவுக்குப் போன பிறகு அதை எடுக்க யாருக்கும் நினைவு இருக்காது. சென்ட்ரிங் பலகையும் முட்டுக் கம்பும் உள்ளேயே விட்டு மேல்தளம் போட்டுவிடுவதும் உண்டு. தெருமுனையில் பழைய வடிகாலோடு சேரும் மூடியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். இதுதான் காரணம் என்றால் அரை நாளில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, விடுபட்ட துண்டு. குடிநீர்க் குழாயோ மின்வாரியக் கேபிளோ குறுக்கே வரும் இடத்தில் பத்துப் பதினைந்து மீட்டரைக் கட்டாமல் தாண்டிப் போயிருப்பார்கள். அல்லது குழாயை வடிகாலுக்கு நடுவிலேயே விட்டுக் கட்டியிருப்பார்கள். அந்தக் குழாயில் பாலித்தீன் பையும் தென்னை மட்டையும் சிக்கினால் ஒரே மழையில் அணை கட்டியது மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவதுதான் கவலைக்குரியது: அடித்தளத்தின் வாட்டமே, அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவே, தப்பாக இருப்பது. சென்னை தட்டையான ஊர். 1000க்கு 1 வாட்டம் கிடைத்தாலே நல்லது. அதாவது 100 மீட்டர் போனால் 10 செ.மீ. இறங்க வேண்டும். ஆட்கள் அவசரத்தில் அளக்காமல் கண் மதிப்பில் அடி கான்கிரீட் போட்டால் அந்தப் பத்து செ.மீ. எங்கே போனது என்றே தெரியாது. குழியில் ஊற்றுத் தண்ணீர் இருக்கும்போதே கான்கிரீட் கொட்டினாலும் அடித்தளம் ஒரு பக்கம் அமுங்கிப் பள்ளமாகும்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே இருப்பது தெரியும் 20 மீட்டர் பிளாஸ்டிக் டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். தெருவின் ஒரு முனையில் காம்பவுண்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு, அதே மட்டத்தை டியூபால் 20 மீட்டருக்கு ஒருமுறை அடுத்தடுத்த சுவர்களுக்குக் கடத்திக்கொண்டு போங்கள். எல்லாக் கோடும் ஒரே மட்டம். இனி ஒவ்வொரு மூடியிலும் அந்த மட்டத்திலிருந்து வடிகாலின் அடி எவ்வளவு ஆழம் என்று அளக்க வேண்டும். சுவரிலிருந்து மூடிவரை மட்டம் எடுக்கவும் அதே டியூப்தான். நீளமான கம்பியை விட்டு, சேற்றைக் குத்திக் கான்கிரீட்டில் தட்டும்வரை இறக்குங்கள். சேறு தொடங்கும் ஆழத்தையும் கான்கிரீட் இருக்கும் ஆழத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். வெளியேறும் திசையில் போகப் போக ஆழம் கூட வேண்டும். ஒன்றிரண்டு செ.மீ. கூடக் குறைய இருப்பது அளவுப் பிழையாக இருக்கலாம். நடுவில் 8, 10 செ.மீ. ஆழம் குறைந்தால் அங்கே அடி மேடாக இருக்கிறது. எக்காரணம் கொண்டும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. எல்லா அளவையும் மேலே நின்றே எடுத்துவிடலாம்.

மேடு சிறியது என்றால், தாழ்ந்த பகுதிகளில் அடியில் கான்கிரீட் நிரப்பி வாட்டத்தைச் சீராக்கலாம். கொஞ்சம் கொள்ளளவு போகும். பெரிய தவறு என்றால் அந்த நீளத்தை உடைத்துத்தான் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (கட்டியதில் குறை தெரிந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிவதற்குள் எழுத்தில் கொடுத்தால் ஒப்பந்ததாரரின் செலவிலேயே செய்ய வைக்க முடியும்.

மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். 20 செ.மீ. மழைக்கு இது தாங்குமா?
— வாசகர், அம்பத்தூர்

20 செ.மீ. என்பது ஒரு நாள் மழை. வடிகாலுக்கு முக்கியம் ஒரு மணி நேர மழை. 24 மணி நேரத்தில் சீராக 20 செ.மீ. பெய்தால் மணிக்கு 8 மி.மீ.தான், சின்ன வடிகாலே தாங்கும். ஒரே மணி நேரத்தில் 7 செ.மீ. கொட்டும்போதுதான் தெரு நிரம்புகிறது.

கணக்கைப் பார்ப்போம். உள் அகலம் 90 செ.மீ., தண்ணீர் ஓடும் ஆழம் 75 செ.மீ. (மேலே 15 செ.மீ. காலியிடம்), வாட்டம் 1000க்கு 1 என்றால் விநாடிக்குச் சுமார் 600 லிட்டர் ஓடும். நகர்ப்புறத்தில் பெய்யும் மழையில் 80 சதவீதம் வழிந்து வரும் என்று வைத்தால், மணிக்கு 70 மி.மீ. மழையில் இந்த வடிகால் சுமார் 10 ஏக்கர் நிலத்தின் தண்ணீரைக் கடத்தும். வாட்டம் 2000க்கு 1 என்று குறைந்தால் அது 7 ஏக்கராகிவிடும். அடியில் 20 செ.மீ. வண்டல் படிந்தால் முதல் கணக்கிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வண்டல் எடுப்பதை நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். கட்டிய காசில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்கடியில் கிடக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ‘எத்தனை அடி?’ என்பதை அல்ல. ‘எத்தனை ஏக்கர் தண்ணீர் இதில் சேர்கிறது?’ என்று கேளுங்கள். பக்கத்து மூன்று தெருக்களின் வடிகால்களையும் உங்கள் தெருவில் கொண்டுவந்து சேர்த்திருந்தால், ஓடை நோக்கிப் போகப் போக அளவு பெரிதாகியிருக்க வேண்டும். கடைசிவரை அதே மூன்றடி என்றால் வடிவமைப்பில் தவறு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்ததே, அந்த மாதிரி நாளில் ஆறும் ஏரி உபரிநீர்க் கால்வாயும் நிரம்பி நிற்கும்போது தெரு வடிகால் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. தண்ணீர் போக இடம் இருக்காது. தெரு வடிகால் ஆண்டுதோறும் வரும் கனமழைக்கானது. பெருவெள்ளத்தை ஏரியும் கால்வாயும் சதுப்பு நிலமும்தான் தாங்க வேண்டும்.

புது வடிகாலின் மேல்தளம் எங்கள் கேட்டைவிட ஓரடி உயரம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, எங்கள் தண்ணீர் வெளியே போக மாட்டேன் என்கிறது. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டியதுதானா?
— வாசகர், மாதவரம்

அவசரப்பட வேண்டாம். முதலில் சாலை உயரத்தைக் கவனியுங்கள். பழைய தார்த் தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ஒவ்வொரு முறையும் உங்கள் வாசல் தாழும். வடிகால் மேல்தளத்தின் உயரத்தை வைத்துச் சாலையை உயர்த்த ஆயத்தமானால், தார் லாரி வருவதற்கு முன்பே எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். போட்ட பிறகு எடுக்க மாட்டார்கள்.

மேல்தளம் உயரமாக இருந்தாலும், வடிகாலின் பக்கச் சுவரில் சாலைத் தண்ணீர் இறங்கும் துளைகள் சாலையின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கின்றனவா என்று பாருங்கள். துளைக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி இருக்க வேண்டும். அதன் அடி, தொட்டியிலிருந்து வடிகாலுக்குப் போகும் குழாயின் அடியைவிட ஓரடியாவது கீழே இருந்தால்தான் மணல் அங்கேயே தங்கும். குழாயும் தொட்டியும் ஒரே மட்டத்தில் இருந்தால் தொட்டி வெறும் பெயருக்குத்தான். மணல் நேராக வடிகாலுக்குள் போய்விடும். புதுத் தார் போடும்போது இந்தத் துளைகளை மூடிவிடுவது வாடிக்கை. துளையின் கம்பி வலையைப் பலகையால் மறைத்துவிட்டுத் தார் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது: வெளியே போகும் குழாயில் வாசலுக்கு உட்புறம் ஒரு சிறு தொட்டி கட்டி, அதில் 4 அல்லது 6 அங்குல நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துங்கள். தெருத் தண்ணீர் ஏறினால் அதிலுள்ள மடல் மூடிக்கொள்ளும். ஓர் இலைக் காம்பு சிக்கினால்கூட மடல் முழுதாக மூடாது, ஆகவே குழாயின் உட்புற வாயில் வலை வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து துடைக்க வேண்டும்.

வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் மாடித் தண்ணீரும் உள்ளேயே தேங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் மணிக்கு 5 செ.மீ. மழை பெய்தால் நிமிடத்துக்கு 185 லிட்டர் சேரும். மூன்று மீட்டர் உயரத்துக்கு நிமிடம் 200 லிட்டர் தள்ளும் பம்ப் வாங்க வேண்டும். கடையில் ‘எத்தனை எச்.பி.’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்ற அட்டவணையைக் கேளுங்கள். பம்பின் பிளக் பாயின்ட் வெள்ள மட்டத்துக்கு மேலே, மின்கசிவுத் தடுப்பானோடு இருக்கட்டும்.

மழைநீர் சேகரிப்பும் கைகொடுக்கும், ஓரளவுக்கு. மூன்றடி விட்டத்தில் உறை இறக்கி 16 அடிக்குக் கிணறு தோண்டினால் 3,200 லிட்டர் கொள்ளும். அதே மனையில் 10 செ.மீ. மழைக்கு 22,300 லிட்டர் சேரும். ஏரியை ஒட்டிய களிமண் பகுதிகளில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். கிணறு ஒன்றே வெள்ளத்தைத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மாடித் தண்ணீரைச் சம்ப்புக்கும் கிணற்றுக்கும் விட்ட பிறகு மிஞ்சுவது மட்டும் வெளியே போகட்டும்.

கடல் ஏற்றத்தில் இருக்கும்போது வடிகால் வழியாகத் தண்ணீர் திரும்பி வருகிறது. இதற்கு வழியே இல்லையா?
— வாசகர், எண்ணூர்

இருக்கிறது, ஆனால் தெரு மட்டத்தில் இல்லை. கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. பக்கிங்காம் கால்வாயும் அந்தக் கழிமுகத்தோடு சேர்ந்ததுதான். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும். புயல் நேரத்தில் கடல் மட்டம் அதற்கும் மேல் உயரும். வடிகாலின் வாய் ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். ஏற்றம் நாளுக்கு இருமுறை வருவதால், ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் வடிகால் வேலை செய்யாது.

வடிகாலின் வாயில் மேல்புறம் கீல் வைத்த மடல் கதவு போடுவார்கள். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடும். உப்புக் காற்றில் கீல் துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிடுவதும், வாயில் குப்பை சிக்கி மூடாமல் போவதும்தான் வழக்கமான கோளாறுகள். ஆகவே கதவு போட்டார்களா என்பதோடு, மாதம் ஒருமுறை அதைப் பார்ப்பது யார் வேலை என்றும் கேளுங்கள். கதவு மூடியிருக்கும் நேரத்தில் மழையும் பெய்தால் உள்ளே தேங்கும் தண்ணீரை இறைக்கப் பம்ப் நிலையம் வேண்டும். அதற்கு ஜெனரேட்டரும் வேண்டும், மழையில் முதலில் போவது மின்சாரம்தானே. முகத்துவாரத்தில் மணல் அடைத்தும், அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்தும் கிடக்கும்வரை மேலே எவ்வளவு கான்கிரீட் போட்டாலும் எண்ணூருக்கு முழுத் தீர்வு கிடையாது. தூர்வாருவதை வடிகால் பணியோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

புது வடிகாலில் கழிவுநீர் ஓடுகிறது. நாற்றம், கொசு.
— வாசகி, மணலி

யாரோ கழிப்பறைக் குழாயை இணைத்திருக்கிறார்கள், அல்லது செப்டிக் டேங்க் வழிந்து வருகிறது. பாதாளச் சாக்கடை உள்ள தெருவில் அதைக் கவனிப்பது குடிநீர் வாரியம் (தொலைபேசி எண் 1916). மழைநீர் வடிகாலைக் கவனிப்பது மாநகராட்சி (தொலைபேசி எண் 1913). இரண்டு இடத்திலும் புகார் எண் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். சந்தேகப்படும் வீட்டுக் கழிப்பறையில் வாரியப் பொறியாளர் முன்னிலையில் ஒரு வாளி வண்ணத் தண்ணீர் ஊற்றினால், அது சாக்கடையில் வருகிறதா வடிகாலில் வருகிறதா என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். சில சமயம் வீட்டுக்காரர்மேல் தவறே இருக்காது. பாதாளச் சாக்கடை அடைத்துப் பொங்கும்போது, அதைத் தற்காலிகமாக வடிகாலில் திருப்பிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள்.

கழிவுநீர் கலந்த வடிகாலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கும். சாக்கடைக்குள் இருக்கும் ஆபத்து இதற்குள்ளும் உண்டு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ‘ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் இறங்கி எடுத்துவிடுவார்’ என்று தெருக்காரர்கள் ஏற்பாடு செய்யாதீர்கள். அது ஓர் உயிரோடு விளையாடுவது. உறிஞ்சும் இயந்திர வண்டியைக் கேளுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடிகாலே வேண்டாம் என்று எதிர்த்தார்கள். நாங்கள் வேண்டும் என்று கேட்கிறோம். யார் சொல்வது சரி?
— வாசகர், திருவொற்றியூர்

இரண்டும் சரி. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நடக்கவிருந்த கோவளம் வடிநிலத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஜெர்மன் வளர்ச்சி வங்கி. அங்கே கடலோரப் பகுதி மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். அது மணல் திட்டு. பெய்த மழை இறங்கி நன்னீராகத் தங்கும் இடம். அதைக் கான்கிரீட் பெட்டியில் பிடித்துக் கடலுக்கு அனுப்பினால் கிணறு உப்பாகும் என்பது அவர்கள் வாதம், நியாயமான வாதம். களிமண்ணும் பள்ளமும் உள்ள இடத்துக்கு அது பொருந்தாது. உங்கள் தெருவில் ஆறடி தோண்டி என்ன மண் என்று பார்த்தால் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும்?
— குடியிருப்போர் சங்கம், கொளத்தூர்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சி மழைநீர் வடிகால் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘பணி விவரம் தருக’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் வரும். உங்கள் தெரு வடிகாலின் நீள்வெட்டு வரைபடம் (நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் தெரியும் மட்டங்கள்), ஒவ்வொரு 10 மீட்டரிலும் அடி மட்டம், தண்ணீர் போய்ச் சேரும் கால்வாயின் அடி மட்டம், வழியில் உள்ள சிறுபாலங்களின் அளவு, எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கங்களின் நகல், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். வங்கிக் கடன் திட்டம் என்பதால் குறைதீர் ஏற்பாடும் இருக்கும்; பணியிடப் பலகையில் அதன் விவரம் இல்லையென்றால் அதையே முதல் புகாராகக் கொடுக்கலாம். வார்டு உறுப்பினர் கூட்டும் பகுதி சபையில் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஐந்தடி பள்ளம் தோண்டி, பத்து நாளாக அப்படியே விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பழைய வேப்பமரமும் இருக்கிறது.
— வாசகி, திருவொற்றியூர்

இதற்கு இன்றே புகார் கொடுங்கள். சாதாரணக் காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரம் இரண்டு இரண்டரை அடிதான் இருக்கும். அதை ஒட்டி ஐந்தடி தோண்டி, ஊற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால், தண்ணீரோடு சுவருக்கடியிலிருக்கும் மணலும் வந்துவிடும். பள்ளத்தின் பக்கங்களுக்குப் பலகையோ இரும்புத் தகடோ கொடுத்து முட்டு வைக்க வேண்டும். ஒரு தெரு முழுவதையும் ஒரேயடியாகத் தோண்டாமல், 10, 15 மீட்டராகத் தோண்டிக் கட்டி மூட வேண்டும்.

சுவரின் நான்கு பக்கமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் குறுக்கே சிமென்ட் வைத்து ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ‘இது பழைய விரிசல்’ என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கான்கிரீட் போடும் நாளில் பள்ளத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது. அடிக் கம்பிகள் மண்ணில் படுக்காமல் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். போட்டபின் குறைந்தது ஏழு நாள் சாக்கு நனைத்து ஈரமாக வைக்க வேண்டும். பக்கவாட்டுப் பள்ளத்தை மூடும்போது அரையடி, முக்காலடியாகக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். ஜேசிபியால் ஒரே தள்ளாகத் தள்ளினால் முதல் மழையிலேயே உள்வாங்கும், சுவரும் அதோடு சாயும்.

வேப்பமரத்தின் ஒரு பக்க வேரை முழுதாக வெட்டினால் அடுத்த புயலில் அது எதிர்ப்பக்கம் சாயும். அந்த இடத்தில் வடிகாலைச் சற்று விலக்கியோ, அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டியோ கட்ட முடியும். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்; அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

2022 அக்டோபரில் சென்னையில் வடிகால் பள்ளத்தில் விழுந்து இளம் செய்தியாளர் ஒருவர் உயிரிழந்தார். ரிப்பன் கட்டுவதும் நான்கு குச்சி நடுவதும் தடுப்பு ஆகாது. இடுப்பளவு இரும்புத் தடுப்பு, இரவில் எரியும் சிவப்பு விளக்கு, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கைப்பிடியோடு கூடிய நடைபாலம் மூன்றும் வேண்டும். கம்பிகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் நுனியில் மூடி மாட்டச் சொல்லுங்கள். 1913 எண்ணில் அழைத்துப் புகார் எண் வாங்கியதும், பள்ளத்தின் படத்தோடு அந்த எண்ணை உதவிப் பொறியாளருக்கும் வார்டு உறுப்பினருக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள்.